நாற்பதுக்கு ஒன்று குறைவு

மெலெனைட்டேயின் நோட்டில் முப்பத்தொன்பது குழந்தைகள் இருந்தார்கள். பிரசவம் பார்க்க லைசென்ஸ் வாங்க நாற்பது வேண்டும்.

நாற்பது என்றால் நாற்பதுதான். ஒவ்வொரு குழந்தையும் அவள் கையில் வந்து விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்ததெல்லாம் சேர்த்தி இல்லை. ஆபரேஷன் ஆனால் சேர்த்தி இல்லை. படகில் ஏற்றிப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் சேர்த்தியே இல்லை. அப்படி அனுப்பியவற்றில் ஒன்றைப் பற்றி எழுத நோட்டின் கடைசியில் தனியாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது, ஏன் அனுப்பினாய், நீ செய்தது சரியா என்று மூன்று கேள்விகள். அதை எல்லோரும் கடைசி நாளில் கிறுக்கித் தள்ளுவார்கள்.

நோட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலக் கப்பலில் தலைநகரத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். மெலெனைட்டேக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக நர்ஸ். புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறான். இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு, விட்டு விட்டு மூன்று வருஷம் இந்தப் படிப்பைப் படித்தாள். தீவின் சுகாதார நிலையத்தில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் சிஸ்டர் ஃபூசி. அவரும் கிறிஸ்துமஸுக்கு ஆக்லாந்தில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போய்விடுகிறார். அதன் பிறகு தீவில் பிரசவம் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆகவே இந்த லைசென்ஸ் தனக்காக இல்லை, தீவுக்காக என்று மெலெனைட்டே தனக்குள் அடிக்கடி சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, வலி எடுத்து, அவளுடைய தம்பி மனைவி கலோலைனே வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம்.

ஏழு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு பாய். அந்தத் தீவுகளில் கையால் நெய்த பாய் என்றால் பரம்பரை நகை மாதிரி. மெலெனைட்டேயின் அம்மா கை நோக நெய்து வைத்துவிட்டுச் செத்த பெரிய பாய் அது. வீட்டின் மூத்த பெண்ணுக்குச் சேர வேண்டியது. கலோலைனே அதைத் தன் தங்கை கல்யாணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா, கேட்பதற்கு வழியில்லை. தம்பி செமிசியிடம் கேட்கலாம் என்றால், அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிற வழக்கமே அங்கே கிடையாது. அவன் உள்ளே வந்தால் இவள் எழுந்து போவாள், இவள் இருந்தால் அவன் வாசலோடு திரும்பிவிடுவான். அவ்வளவு மரியாதை. அதனால் கோபம் சொல்லப்படாமலே ஏழு மாதம் கிடந்தது. ஊருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

"வாம்மா," என்றார் சிஸ்டர் ஃபூசி. "உன் நாத்தனார்தான் இன்னைக்கு உனக்குப் பிரசவம் பாக்கப் போறா. நாப்பதாவது. உன் பிள்ளையாலதான் இவளுக்கு லைசென்ஸ் வரப்போகுது, பாத்துக்க."

கலோலைனே சிரிக்க முயன்றாள். வலியில் அது பாதியில் நின்றுபோயிற்று. "அக்கா, உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டாள்.

"இதுல சம்மதம் என்ன வந்தது? படு," என்றாள் மெலெனைட்டே.

பத்து மணிக்குப் பரிசோதித்தபோது கருப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. பிரசவத் தாளில் பத்து மணிக்கு நேராக ஏழில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அந்தத் தாளில் சாய்வாக இரண்டு கோடுகள் உண்டு. முதல் கோட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இரண்டாவது கோட்டைத் தொட்டால் படகு. நர்ஸ் என்ன நினைக்கிறாள், அவளுக்கு எத்தனை குழந்தை குறைகிறது என்பதெல்லாம் கோட்டுக்குத் தெரியாது.

பதினொரு மணிக்குத் தீவின் தெற்குக் கோடியிலிருந்து ஆள் வந்தது. தென்னை மரத்திலிருந்து ஒருத்தன் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டதாம். சிஸ்டர் ஃபூசி பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஏறிய பிறகு மெலெனைட்டேயைக் கிட்டே கூப்பிட்டார்.

"ரெண்டு மணிக்குப் பாரு. அதே ஏழுலயே நின்னா எனக்கு ஃபோன் பண்ணிக்கிட்டு நிக்காத. நேரா படகைக் கூப்பிடு."

"சரி சிஸ்டர்."

"இன்னொண்ணு. பிள்ளை இறங்கலைன்னா ஊருக்காரங்க உன் கோபத்தாலதான்னு சொல்லுவாங்க. மன்னிப்புக் கேக்க வருவாங்க. வரட்டும், தடுக்காத. ஆனா மன்னிப்புக்காகப் படகு காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. புரியுதா?"

"என்ன சிஸ்டர், எனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்தக் கதையில் அவளுக்குத் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை, அதுதான் எரிச்சல். பிள்ளைக்கு அத்தை என்றால் அங்கே சும்மா இல்லை. தம்பி வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைப்பவள் அவள், நல்லது கெட்டதில் முதல் இடம் அவளுக்கு. அவள் மனம் கசந்திருந்தால் தம்பி மனைவிக்குப் பிள்ளை இறங்காது என்பது ஆதியிலிருந்து வரும் நம்பிக்கை. படித்தவர்கள் அதை நம்புவதில்லை. ஆனால் சொந்த வீட்டில் பிரசவம் என்றால் படித்தவர்களும் ஒரு பன்றியை அத்தைக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

இரண்டு மணிக்கு மெலெனைட்டே கையுறை மாட்டிப் பரிசோதித்தாள். ஏழு.

விரலை எடுக்காமல் இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். ஏழேதான். தலை திரும்பாமல் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. அவள் அதையும் விரலில் உணர்ந்தாள்.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டாள் கலோலைனே. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"வருது, வருது."

மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். ஏழில் குறி போட்டால் அது இரண்டாவது கோட்டின் மேல் அப்படியே உட்காரும். எட்டில் போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஒரே ஒரு கட்டம். தலை தானாகத் திரும்பிப் பிறந்த குழந்தைகளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த முப்பத்தொன்பதிலேயே மூன்று அப்படி. இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கூப்பிட்டால் படகு வரும், இவள் போவாள், அங்கே யாரோ ஒரு டாக்டர் எடுப்பார், நோட்டில் முப்பத்தொன்பதோடு வெள்ளிக்கிழமை விடியும். அவள் எட்டில் குறி போட்டாள். கை நடுங்கவில்லை. பிற்பாடு அவளுக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

வெளியே ஈரப்பலா மரத்தடியில் செமிசி நின்றிருந்தான். உள்ளே வர முடியாது. தன் பெண்டாட்டியின் பிரசவத்தைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது. படகோட்டி ஃபேலேட்டியை அனுப்பினான்.

"நர்ஸம்மா," என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டான் ஃபேலேட்டி. "படகுல பெட்ரோல் நிரப்பி வெச்சிருக்கு. கடலும் இன்னைக்குச் சமர்த்தா இருக்கு. சும்மா சொல்லி வெக்கலாம்னு வந்தேன்."

"யார் சொல்லச் சொன்னது?"

"யாருமில்ல. மரத்தடியில ஒரு மரம் நிக்குது, அது சொல்லுச்சு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "தேவைப்படாதுன்னு அந்த மரத்துக்கிட்ட சொல்லு," என்றாள்.

செமிசிக்குக் கேட்டிருக்கும். மறுத்துப் பேச அவனுக்கு வாய் இல்லை. அந்த மரியாதை அன்றைக்குத் தனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கலோலைனேயின் அம்மா ஹேலெனா வந்தாள். இழவு வீட்டுக்குக் கட்டுவதுபோல, ஓரமெல்லாம் கிழிந்து தொங்கும் பெரிய பழம்பாயை இடுப்பிலிருந்து நெஞ்சுவரைக்கும் சுற்றிக் கட்டியிருந்தாள். சுகாதார நிலையத்துப் படியில் ஏறாமல், முற்றத்துப் பவழக் கற்களின் மேல், நேர் வெயிலில், தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். அங்கே மன்னிப்புக் கேட்கிறவர்கள் வருவது அப்படித்தான்.

மெலெனைட்டே வெளியே வந்தாள்.

"எம்பொண்ணு தப்புப் பண்ணிட்டா," என்றாள் ஹேலெனா. நிமிரவில்லை. "வளர்த்தவ நான், தப்பு என்னோடது. அந்தப் பாயைத் திருப்பி வாங்கிட்டு வந்து உங்க வாசல்ல போடறோம். மனசுல இருக்கறதை இறக்கி வெச்சிடுங்க. அந்தப் பிஞ்சு மேல காட்டாதீங்க."

அங்கே ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளையின் தலை திரும்பவில்லை, படகைக் கூப்பிடுங்கள். அறுபது வயதுக் கிழவி வெயிலிலிருந்து எழுந்து போயிருப்பாள். மெலெனைட்டே அதைச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? ஏழு மாதமாகக் காத்திருந்த வார்த்தைகள் அவை. கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் இனித்தது. சீ என்று இருக்கிறது இதை எழுத. ஆனால் இனித்தது.

"எழுந்திருங்க," என்றாள். "எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. எல்லாம் போயாச்சு."

உள்ளே வந்து கலோலைனேயின் வயிற்றில் கை வைத்தாள். "மன்னிச்சிட்டேன்," என்றாள்.

கலோலைனே அந்தக் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "இப்பப் பொறந்துரும்ல? இப்பப் பொறந்துரும்லக்கா?"

"பொறந்துரும்."

அடுத்த வலி உண்மையிலேயே பலமாக வந்தது. ஒரு நிமிஷம் மெலெனைட்டேயே நம்பிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு சிஸ்டர் ஃபூசி திரும்பி வந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்கி, ஏறி வர நேரமெடுத்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் கையைக் கழுவினார். பரிசோதித்தார். தாளைப் பார்த்தார். மெலெனைட்டேயைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:

"ஃபேலேட்டி! படகு!"

ஐம்பது நிமிஷக் கடல். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தூக்க ஆள் இல்லாததால் செமிசியும் ஏற வேண்டியதாயிற்று. அக்காவும் தம்பியும் ஒரே படகில், நடுவில் அவன் பெண்டாட்டி கத்திக்கொண்டு. அவன் முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாதி வழியில் சட்டையைக் கழற்றித் திரும்பாமலே பின்னால் நீட்டினான். வெயிலுக்குக் கலோலைனேயின் முகத்தை மூடச் சொல்கிறான் என்று புரிந்துகொள்ள மெலெனைட்டேக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாங்கி மூடினாள். அந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டு மணிக்குப் புறப்பட்டிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து, இவன் ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்த பிறகும் நான்கு நிமிஷம் அழவில்லை, அப்புறம் அழுதது. களைத்துப்போன கருப்பை சுருங்க மறுத்தது. ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் டாக்டர் கருப்பையையே எடுத்தார். கலோலைனே பிழைத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அடுத்த படகில் வந்திருந்த ஹேலெனா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வந்து மெலெனைட்டேயின் கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்தாள். "நீங்க மனசு வெச்சீங்க, ரெண்டு உசுரும் நின்னுச்சு," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மறுநாள் சித்தப்பா பெரியப்பா என்று யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள். அவள் வீட்டு வாசலில் ஒரு பன்றியும், இலையில் கட்டிச் சுட்ட இறைச்சியும், மூன்று கூடைச் சேப்பங்கிழங்கும் வந்து இறங்கின. பெண்கள் இரண்டும் ஆசையாகச் சாப்பிட்டன. மெலெனைட்டே வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். வெட்கம் என்றால் முகம் சிவப்பது, தலை குனிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது பசியையே தின்றுவிடும் என்று தெரியாது.

வியாழக்கிழமை காலையில், கேட்டால் சிரிப்பீர்கள், நாலு பிள்ளை பெற்ற மீன்காரர் மனைவி ஒருத்தி நடந்தே வந்து இருபது நிமிஷத்தில் ஐந்தாவதைப் பெற்றுப் போட்டாள். மெலெனைட்டேயின் கையில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது பையன். நாற்பது. இரண்டே நாள் பொறுத்திருந்தால் போதும்.

சிஸ்டர் ஃபூசி நாற்பதாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நோட்டை மூடாமல் வைத்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமைத் தாள்ல ரெண்டு மணிக்கு எட்டுன்னு இருக்கு," என்றார். "மூணே முக்காலுக்கு நான் பாத்தப்ப ஏழு. கருப்பை வாய் திறந்துட்டு மறுபடி மூடிக்குமா? முப்பத்தொரு வருஷத்துல நான் பாத்ததில்ல."

மெலெனைட்டே தரையைப் பார்த்தாள்.

"நான் கேள்வி கேக்கல. கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா நான் மேல எழுதணும். நானும் ஒருநாள் விரலால தப்பா அளந்தவதான்." நோட்டை நீட்டினார். "கடைசித் தாள் காலியா இருக்கு. நாளைக்குக் கப்பல்ல குடுக்கறதுக்கு முன்னாடி எழுதிரு. எந்தப் பிரசவத்தைப் பத்தி எழுதறேங்கறது உன் இஷ்டம். மார்ச்ல ஒரு பொண்ணை அனுப்பினோமே, பிரஷர் கூடி, அது சுத்தமான கேஸ்."

வெள்ளிக்கிழமை காலைப் படகில் மெலெனைட்டே பெரிய தீவுக்குப் போனாள். பையில் நோட்டு இருந்தது. அன்று மதியம் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள், அத்தை இல்லாமல் நடக்காது.

வார்டில் வீட்டு ஆட்களில் கலோலைனே மட்டும் இருந்தாள். மற்றவர்கள் பாதிரியாரை அழைத்துவரப் போயிருந்தார்கள். கலோலைனேயின் முகம் வெளுத்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் இன்னும் ஒரு நீலத் தடம்.

"உக்காருங்கக்கா."

மெலெனைட்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு நான் பாத்தேன்ல," என்றாள். "அப்பவே படகைக் கூப்பிட்டிருக்கணும். பிள்ளை திரும்பலைன்னு எனக்குத் தெரியும். தாள்ல பொய்யா எழுதிட்டேன்."

கலோலைனே அவளையே பார்த்தாள். "ஏன்?"

"நாப்பதுக்கு ஒண்ணு குறைஞ்சது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தப் பாய்?"

"பாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"எங்கம்மா வெயில்ல உக்காந்திருந்துச்சே."

"ஆமா."

"நீங்க மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

கலோலைனேயின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "அன்னைக்குப் பூரா நான் என்ன நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் தெரியுமா? என் பிள்ளையை நானே கொல்றேன்னு. ஒரு பாய்க்கு ஆசைப்பட்டுத் தங்கச்சிக்குக் குடுத்தேன், அதுக்கு இது சாகப்போகுதுன்னு. ஒவ்வொரு வலிக்கும் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னப்பகூட, சரி, எனக்கு வேணும், இதோட விட்டாங்களேன்னு நெனச்சேன்."

மெலெனைட்டே நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவியின் கட்டிலருகே, தலையைக் குனிந்து. அந்த ஊரில் எந்த அத்தையும் அப்படி உட்கார்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"எழுந்திருங்க," என்றாள் கலோலைனே பதறிப்போய். "யாராவது பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"கலோலைனே..."

"மன்னிக்கச் சொல்லிக் கேக்காதீங்கக்கா. மன்னிக்கிற எடத்துல என்னை யாரும் உக்கார வெச்சதில்ல. அது எப்படிப் பண்ணணும்னு எனக்குத் தெரியாது. எழுந்திருங்க மொதல்ல."

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. மெலெனைட்டே எழுந்தாள். ஹேலெனா, பாதிரியார், மாமன்மார், சாப்பாட்டுக் கூடைகள் என்று எல்லோரும் உள்ளே வந்தார்கள். செமிசி மட்டும் அக்கா இருப்பதைப் பார்த்துவிட்டு வராந்தாவிலேயே ஜன்னலோரம் நின்றுகொண்டான். பாதிரியார் ஜெபம் செய்தார். ஹேலெனா ஒரு பெரிய பாயைக் கொண்டுவந்து மெலெனைட்டேயின் காலடியில் விரித்தாள். பார்த்ததும் தெரிந்தது, அம்மாவின் பாய். கல்யாண வீட்டிலிருந்து கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி வாங்கியிருக்கிறார்கள்.

"அத்தை பேர் சொல்லட்டும்," என்றார் பாதிரியார்.

அம்மா கை நோக நெய்த பாயின் மேல் மெலெனைட்டேயால் கால் வைக்க முடியவில்லை. "இந்தத் தடவை பெத்தவளே வெக்கட்டும்," என்றாள். "எனக்கு அந்த உரிமை வேண்டாம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அதெப்படி?" என்றார் ஒரு மாமன். "பெருந்தன்மையைப் பாருங்க," என்றார் இன்னொருவர். எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். கலோலைனே குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனாரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மெலெனைட்டே," என்றாள்.

யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் மெலெனைட்டே முதலில் நினைத்தாள். பிறகு ஹேலெனா ஓவென்று அழுது அவளைக் கட்டிக்கொண்டாள். மாமன்மார் கைதட்டினார்கள். உயிரைக் காப்பாற்றிய அத்தையின் பேர், இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே செமிசி முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றான். அவனும் சந்தோஷத்தில்தான் அழுதான். அங்கே சந்தோஷப்படாதவர்கள் இரண்டே பேர்.

கன்னம் வைத்து முகர அவள் முறை வந்தபோது கலோலைனே அவள் காதில் சொன்னாள்: "தினமும் கூப்பிடுவேன்கா. வாசல்ல நின்னு, சத்தமா. நீங்க எங்க இருந்தாலும் கேக்கும்."

சாயங்காலம் பெரிய தீவின் துறைமுகத்தில் தலைநகரத்துக் கப்பல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. தபால் வாங்குகிற பெண் கூண்டுக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். "நோட்டா? சீக்கிரம் குடுங்கக்கா, பையைக் கட்டப்போறேன்."

"பத்து நிமிஷம் பொறு. ஒரு தாள் எழுத வேண்டியிருக்கு."

அரிசி மூட்டை ஒன்றின் மேல் நோட்டை வைத்துக் கடைசித் தாளைத் திருப்பினாள். மார்ச் மாதத்துப் பெண்ணைப் பற்றி எழுதினால் ஆறே வரி. அடுத்த மாதம் லைசென்ஸ் வந்துவிடும். என்ன நடந்தது என்ற கேள்விக்குக் கீழே அவள் செவ்வாய்க்கிழமை என்று ஆரம்பித்தாள். பத்து மணிக்கு ஏழு, இரண்டு மணிக்கும் ஏழு, நான் எட்டு என்று எழுதினேன் என்று எழுதினாள். ஏன் என்றும் எழுதினாள். கிழவி வெயிலில் உட்கார்ந்ததையும், தான் மன்னித்ததையும் விடவில்லை. நீ செய்தது சரியா என்ற இடத்தில் இல்லை என்று ஒரே சொல். எழுதிக்கொண்டிருக்கும்போதே, இந்தத் தாளைப் படிக்கிறவர்கள் லைசென்ஸ் மட்டுமா மறுப்பார்கள், இருக்கிற நர்ஸ் வேலையையும் பிடுங்கலாம், கிறிஸ்துமஸுக்குப் பிறகு தீவில் யாருமே இல்லாமல் போகலாம் என்றெல்லாம் தோன்றாமலில்லை. கை அப்போதுதான் நடுங்கியது.

தாளின் அடியில் நிரப்ப வேண்டிய இரண்டு கட்டங்கள் மிச்சமிருந்தன. குழந்தையின் பெயர். பொறுப்பில் இருந்தவர் பெயர்.

"அக்கா, முடிஞ்சுதா?" என்று கூண்டுக்குள்ளிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

முதல் கட்டத்தில் மெலெனைட்டே என்று எழுதினாள். இரண்டாவது கட்டத்திலும் அதையே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.